பெரிய எழுத்தில் ஓர் இயக்குநர்

லிஃப்ட் பரிசோதனை அலுவலகத்துக்குப் புது இயக்குநர் வந்து பொறுப்பேற்ற மூன்றாம் நாள், ஊழியர்கள் தங்கள் பெயரை எப்படி எழுத வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. அதுவரை, பெற்றவர்கள் வைத்த பெயரை அவரவர் கைக்கு வந்தபடி ஆங்கிலத்தில் தட்டிக்கொண்டிருந்தார்கள். இனி அது நடக்காது. இயக்குநரின் பெயர் முழுக்கப் பெரிய எழுத்து. பிரிவுத் தலைவர்களுக்கு முதல் எழுத்து மட்டும் பெரிது. மற்றவர்கள், அதாவது லிஃப்ட் குழிக்குள் இறங்கிக் கம்பிவடத்தைத் தொட்டுப் பார்ப்பவர்கள், டிரைவர்கள், காவலாளிகள், கூட்டிப் பெருக்குபவர்கள், எல்லாரும் முழுக்கச் சின்ன எழுத்து. பெயரைப் பார்த்ததுமே ஆள் யாரென்று தெரிந்துவிட வேண்டும் என்று முடித்திருந்தார். அதன் அடியில் அவருடைய பெயர், வரிசையாகத் தூண் நட்ட மாதிரி நின்றது.

அன்று மதியமே புரோகிராமரைக் கூப்பிட்டுவிட்டார். அலுவலகத்தில் அவளைக் கம்ப்யூட்டரம்மா என்பார்கள். பிரிண்டரில் காகிதம் சிக்கினாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள், சுவர்க் கடிகாரம் நின்றாலும் அவளைத்தான்.

"இந்த விதியை மெஷினுக்குள்ள போடணும்மா. நான் அனுப்பறது ஆர்டர், நேரா போகணும். பிரிவுத் தலைவர் அனுப்பறது குறிப்பு, எங்கிட்ட வரணும். மத்தவங்க அனுப்பறது விண்ணப்பம். மெஷின் பேரைப் பார்த்தே பிரிச்சுடணும்."

"பதவிப் பதிவேடு ஏற்கெனவே உள்ள இருக்கு சார். அதைப் பார்த்துப் பிரிச்சா தப்பே வராது."

"பதிவேட்டைப் பார்த்துத்தான் நான் யாருன்னு தெரியணுமா?"

இதற்கு 'சரி சார்' என்பதைத் தவிர வேறு பதில் எந்த அலுவலகத்திலும் கிடையாது. அவளும் அதைத்தான் சொன்னாள்.

எழுதியது சில வரிகள்தான். அனுப்புகிறவரின் பெயரில் உள்ள எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிடித்து நிறுத்தி, 'நீ பெரிய எழுத்தா?' என்று புரோகிராம் கேட்கும். எல்லா எழுத்தும் ஆமாம் என்றால் அது ஆர்டர். முதல் எழுத்து மட்டும் ஆமாம் என்றால் குறிப்பு. இரண்டும் இல்லையென்றால் விண்ணப்பம். கீழ்த்தள ஸ்டோரில் இருக்கும் கண்காணிப்பாளரின் ஒப்புதலுக்குப் போய்விடும். கடைநிலை ஊழியர்கள் எல்லாரும் அவர் பொறுப்பில் இருந்தார்கள்.

இயக்குநர் அதோடு விடவில்லை. விண்ணப்பத்தில் காரணம் எழுதாவிட்டால் ஒப்புதல் பொத்தான் வேலை செய்யக்கூடாது. காரணத்தை, கேட்கிறவரே நேரில் போய், கார்டைக் காட்டி, கட்டைவிரல் வைத்து எழுத வேண்டும். "இல்லேன்னா ஆள் மாத்தி ஆள் அனுப்புவாங்க" என்றார். பிறகு ஒரே வாரத்தில் நாலு டிரைவர்களும் ஒரு காவலாளியும் தாங்களாகவே தங்களைப் பெரிய எழுத்தாக மாற்றிக்கொண்டதைக் கண்டுபிடித்து, பெயரை ஒருமுறை மாற்றினால் முப்பது நாளைக்கு மறுபடி கைவைக்க முடியாதபடி பூட்டச் சொன்னார். அதையும் அவள் செய்தாள். அலுவலகம் அமைதியானது. சின்ன எழுத்துக்காரர்கள் சின்ன எழுத்திலேயே லிஃப்டுகளைச் சோதித்தார்கள். லிஃப்டுகளும் வித்தியாசம் தெரியாமல் மேலும் கீழும் போய்வந்தன.

கம்ப்யூட்டரம்மாவும் சின்ன எழுத்துதான். ஏழு வருடமாகக் கான்ட்ராக்ட். பதினோரு மாதம் முடிந்ததும் ஒருநாள் வேலையை விட்டு நீக்குவார்கள்; மறுநாள் புதிதாகச் சேர்ப்பார்கள். தொடர்ந்து வேலை பார்த்ததாக அவள் நாளைக்கு உரிமை கேட்டுவிடக்கூடாதே. அந்த ஒருநாள் அவள் அலுவலகத்துக்கு எதிரே பேருந்து நிறுத்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். உள்ளே போகக்கூடாது; ஆனால் உள்ளே ஏதாவது நின்றுபோனால் ஜன்னலிலிருந்து கூப்பிட்டுக் கேட்பார்கள், அவளும் பெஞ்சிலிருந்தே சத்தமாகப் பதில் சொல்வாள்.

இந்த வருடம் அந்த ஏற்பாடும் முடிகிறது. இனி கான்ட்ராக்ட் இல்லை என்று தலைமையகம் சொல்லிவிட்டது. ஒரே ஒரு நிரந்தர இடம் கொடுத்திருந்தார்கள். அந்த இடத்தில் அவளைப் போட்டு இயக்குநர் கையெழுத்திட்ட ஆர்டர் மாதக் கடைசி வேலைநாள் மாலை ஐந்து மணிக்குள் தலைமையகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் அந்த இடம் வேறு கிளைக்கு, அவள் வீட்டுக்கு.

அந்தக் கடைசி வேலைநாள் காலையில் அவளுக்கு இட்ட வேலை எதுவும் ஓடவில்லை. பதினோரு மணிக்குக் கணக்குப் பிரிவுத் தலைவரின் மேசைக்குப் போனாள். அவருக்கு அலுவலகம் வைத்த பெயர் விலாங்கு. பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுகிற ஜாதி. இயக்குநர் எதிரில் சுற்றறிக்கையைப் புகழ்வார். காண்டீனில் 'எனக்கும் ஒரு எழுத்துதான் பெரிசு, மீதி உங்களோடதான்' என்பார்.

"சார் காலைல பத்து மணிக்கே கையெழுத்துப் போட்டுட்டாரும்மா. நானே பார்த்தேன்."

"தலைமையகத்துல கேட்டேன், வரலைங்கறாங்க."

"அப்படியா?" என்று விலாங்கு தன் நாற்காலியை அரை அடி பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பிரச்சினை வந்தால் அவர் முதலில் செய்வது அதுதான். "போட்டதுக்கு நான் சாட்சி. போகாததுக்கு நான் சாட்சி இல்ல."

அவள் தன் இடத்துக்குத் திரும்பி ஆர்டர் எங்கே போனது என்று தேடினாள். போன பாதையில் இல்லை, நின்ற பாதையில் இல்லை, திருப்பி அனுப்பியதில் இல்லை. கடைசியில், தரை துடைக்க இரண்டு துடைப்பம் வேண்டும் என்ற விண்ணப்பத்துக்கும் ஒரு டிரைவரின் அரைநாள் விடுப்புக்கும் நடுவே, ஸ்டோர் கண்காணிப்பாளரின் ஒப்புதலுக்காக இயக்குநர் காத்துக்கொண்டிருந்தார்.

பெயரைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. முந்தின நாள் மாலை இயக்குநர் தாய்மொழியின் பெருமை பற்றிய ஒரு கூட்டத்துக்குத் தலைமை தாங்கியிருந்தார். கைதட்டல் பலம். அந்தச் சூட்டோடு திரும்பி வந்து, தன் பெயரை மட்டும் கணினியில் தமிழுக்கு மாற்றிவிட்டார். ஆர்டர் ஆங்கிலத்தில்தான் இருந்தது. பெருமை பெயரோடு நின்றுவிட்டது. இன்று காலை புரோகிராம் அவர் பெயரின் முதல் எழுத்தைப் பிடித்து, 'நீ பெரிய எழுத்தா?' என்று கேட்டது. 'ஞா' என்ன சொல்லும்? இல்லை என்றது. அடுத்ததும் இல்லை என்றது. சரி, பெரிசில்லை என்றால் சின்னது என்று அவரைத் துடைப்பத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டது.

'நீ சின்ன எழுத்தா?' என்று கேட்டிருந்தால் அதற்கும் இல்லை என்றுதான் சொல்லியிருக்கும். அவள் அந்தக் கேள்வியை எழுதவில்லை. உலகத்தில் பெரியவர்கள், சின்னவர்கள் என்று இரண்டே வகை என நினைத்து வேலையைச் சுருக்கிவிட்டாள். ஏழு வருடம் இந்த அலுவலகத்தில் இருந்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

ஒரு வரி சேர்த்தால் போதும், ஐந்து நிமிட வேலை. ஆனால் புரோகிராமில் ஒரு புள்ளி மாற்றவும் இயக்குநரின் ஆர்டர் வேண்டும். அந்த ஆர்டரும் ஸ்டோருக்குத்தான் போகும். அவர் பெயரை மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றலாம் என்றால் இன்னும் இருபத்தொன்பது நாள் பூட்டு.

கைபேசி அதிர்ந்தது. நாத்தனார்.

"அண்ணி, ஆச்சா? அண்ணன் எங்கிட்ட மூணு தடவை கேட்டாச்சு. உங்ககிட்ட கேக்க பயமாம்."

"ஆர்டர் போட்டாச்சு. ஸ்டோர்ல நிக்குது."

"ஸ்டோர்லயா? நீங்க என்ன நாற்காலியா அண்ணி?"

"வைடி. அஞ்சு மணிக்குச் சொல்றேன்."

கீழ்த்தளத்துக்குப் படியில்தான் இறங்க வேண்டும். ஊரிலுள்ள லிஃப்டுகளுக்கெல்லாம் சான்றிதழ் தருகிற அந்தக் கட்டடத்தின் லிஃப்ட், சான்றிதழ் காலாவதியாகி ஐந்து மாதமாக நின்றுகொண்டிருந்தது. யார் பரிசோதிப்பது என்ற கேள்வி இன்னும் முடிவாகவில்லை.

ஸ்டோர் கண்காணிப்பாளரை எல்லாரும் சாவி அண்ணன் என்பார்கள். இடுப்பில் பதினெட்டுச் சாவி. அவரிடம் புதுப் பேனா வேண்டுமென்றால் தீர்ந்த பேனாவைக் கொண்டுவர வேண்டும். புது பல்பு வேண்டுமென்றால் உடைந்த பல்பு. ஒருமுறை விலாங்கு புதுக் குடை கேட்டபோது, பழையது காற்றில் பறந்துவிட்டதென்றதற்கு, எந்தப் பக்கம் பறந்தது என்று கேட்டு எழுதிக்கொண்டாராம்.

"வாம்மா. உன் ஃபைல்தானே? பார்த்தேன்" என்றார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியபடி. "முழுசாப் படிச்சேன்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த அலுவலகத்தில் ஒரு ஃபைலை யாரும் முழுசாகப் படித்ததாக அவள் கேள்விப்பட்டதில்லை.

"அண்ணே, அது விண்ணப்பம் இல்ல, ஆர்டர். பேர் மாறினதால வழி தப்பி இங்க வந்துடுச்சு."

"என் ஸ்கிரீன்ல விண்ணப்பம்னு போட்டிருக்கே. காரணம்ங்கற இடம் காலியா இருக்கு. பொத்தான் எரியல."

"அவர் ஆர்டருக்குக் காரணம் எழுதமாட்டார்ண்ணே."

"அப்போ வந்து எழுதச் சொல்லு. கார்டு, கட்டைவிரல். நீ பண்ணி வெச்சதுதானே?" அவர் குரலில் குத்தல் எதுவும் இல்லை. பேனாவுக்கும் அதே குரல்தான், பல்புக்கும் அதே குரல்தான். "சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கணும்பாங்க. இங்க பூசாரி ரெடியாத்தான் இருக்கேன். சாமியைத்தான் காணோம்."

மணி இரண்டரை. அவள் மூன்று மாடி ஏறினாள். இயக்குநர் அறையில் பழைய மேசையை எடுத்துவிட்டுப் பெரிய மேசை போட்டிருந்தார்கள். கதவு பாதிதான் திறந்தது. பக்கவாட்டில் நுழைந்து நின்று, விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னாள். கம்ப்யூட்டர் அவருடைய ஆர்டரை விண்ணப்பம் என்று எடுத்துக்கொண்டுவிட்டது. அவர் ஒருமுறை ஸ்டோருக்கு வந்து காரணம் எழுதினால் போய்விடும்.

"நான் ஸ்டோருக்கா?"

"ஆமா சார். அஞ்சு மணிக்குள்ள."

"என் பேரை என் மொழியில எழுதினா ஏத்துக்காதா ஒரு மெஷின்? எவ்வளவு பெரிய மொழி தெரியுமா நம்ம மொழி?" என்று ஆரம்பித்தார். நேற்றைய கூட்டத்தில் பேசியதில் மிச்சம் இருந்திருக்க வேண்டும். இருபது நிமிடம் வந்தது. அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள். முடிவில், "அந்த ஸ்டோர் ஆளை மேல வரச் சொல்லு" என்றார்.

"அவர் வரலாம் சார். அவரோட ஸ்கிரீன் வராது."

"அப்போ நாளைக்குப் பார்ப்போம்."

"நாளைக்கு நான் இருக்கமாட்டேன் சார்" என்றாள்.

இயக்குநர் ஏதோ காகிதத்தைத் தேடினார். அவருடைய மேசையில் காகிதமே இல்லை.

வெளியே விலாங்கு காத்திருந்தார். முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். அவர் கெட்டவர் இல்லை. பாம்பு பக்கத்தில் இல்லாதபோது நல்ல மீன். "நீ போய்க் கூப்பிட்டா வரமாட்டார்மா. படி இறங்கறதுக்கு ஒரு பேர் வைக்கணும். இரு" என்று உள்ளே போனார்.

கதவு வழியே குரல் கேட்டது. "சார், நீங்க வந்ததிலேர்ந்து ஸ்டோரை மட்டும் திடீர்ப் பார்வை பண்ணல. தலைமையகத்துல கேட்டாலும் கேப்பாங்க."

நாலேகால் மணிக்கு இயக்குநர் திடீர்ப் பார்வைக்குக் கிளம்பினார். முன்னால் விலாங்கு, பின்னால் உதவியாளர், அவர் பின்னால் தண்ணீர் பாட்டிலோடு ஒரு டிரைவர், கடைசியில் கம்ப்யூட்டரம்மா. ஒவ்வொரு தளத்திலும் சுவரைத் தட்டிப் பார்த்து, "இதைக் கவனிக்கணும்" என்றார். இரண்டாம் மாடியில் மட்டும் ஏழு நிமிடம் கவனித்தார்.

ஸ்டோர் கம்பித் தடுப்புக்கு வெளியே இரண்டு பேர் நின்றிருந்தார்கள். கையுறைக்காகப் பெருக்குகிற அம்மாவும், டார்ச் பேட்டரிக்காகக் காவலாளியும். இயக்குநரைக் கண்டதும் விலகினார்கள்.

"நில்லுங்க, நில்லுங்க, வந்த வரிசையிலேயே முடிச்சுடலாம்" என்றார் சாவி அண்ணன் எழுந்து நின்று, மிக மரியாதையாக. "ஐயா, வாங்க. உட்காருங்க, ஸ்டூல் இருக்கு." கிழிந்த கையுறையை வாங்கிக்கொண்டு புதிதைக் கொடுத்தார். செத்த பேட்டரியை எண்ணி வாங்கிக்கொண்டு புதிதை எண்ணிக் கொடுத்தார். ஆனால் இருவரும் போகவில்லை. இப்படியொரு காட்சியை விட்டுவிட்டுப் போக அவர்களுக்கென்ன பைத்தியமா?

இயக்குநர் கார்டைக் காட்டினார். கட்டைவிரலை வைத்தார். திரையில் 'விண்ணப்பதாரர் வந்துள்ளார்' என்று வந்தது. விலாங்கு உத்தரத்தைப் பார்த்தார்.

"காரணம் எழுதணும்ங்கய்யா."

இயக்குநர் ஒற்றை விரலால், 'நிர்வாக நலன் கருதி' என்று தட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"அது எல்லாத்துக்கும் போடறது. துடைப்பத்துக்கே போன வாரம் அப்படிப் போட்டு நான் திருப்பி அனுப்பினேன்" என்றார் சாவி அண்ணன். "இந்தம்மா என்ன வேலை பண்றாங்க, ஏன் வேணும்னு எழுதுங்க."

இயக்குநர் கம்ப்யூட்டரம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் பெயர் அவருக்குத் தெரியும், எந்த எழுத்தில் எழுத வேண்டும் என்பதும் தெரியும். என்ன வேலை செய்கிறாள் என்பதுதான் இதுவரை தேவைப்படவில்லை.

"இவங்க... கம்ப்யூட்டர் பார்த்துக்கறாங்க."

"நான்கூடத்தான் தினமும் பார்க்கறேன், தூசி தட்டறப்போ" என்றாள் பெருக்குகிற அம்மா. "நீங்க எழுதுங்கய்யா. எந்தக் கட்டடத்து லிஃப்டுக்கு என்னிக்குச் சோதனைன்னு தேதி தப்பாம அனுப்பறது இவங்கதான்."

"போன வருஷம் ஆஸ்பத்திரி லிஃப்டு விட்டுப்போச்சுன்னு பெஞ்சில உட்கார்ந்துகிட்டே கண்டுபிடிச்சு சொன்னாங்க" என்றான் காவலாளி. "அன்னிக்கு இவங்களை வேலையை விட்டுத் தூக்கியிருந்தாங்க. நான்தான் கேட்டுக்கு அந்தப் பக்கம் நிக்க வெச்சிருந்தேன்."

இயக்குநர் எழுதிக்கொண்டே வந்தார். யாரோ சொல்லச் சொல்ல அவர் எழுதுவது பள்ளிக்கூடத்துக்குப் பிறகு இதுதான் முதல்முறையாக இருக்கும். நாலு வரி ஆனது. மணி நாலு நாற்பத்தேழு. திடீரென்று விரல் நின்றது.

"ஆமா, என்னை இங்க இறக்கி விட்ட புரோகிராமை எழுதினது யாரு?"

டிரைவர் தண்ணீர் பாட்டிலை மூடினான். விலாங்கு நின்ற இடத்திலேயே அரை அடி பின்னுக்குப் போனார். சிஸ்டம் அப்படி, தலைமையகம் அப்படி, வைரஸ் என்று நாலு பதில் அவளுக்கு நாக்கு நுனியில் இருந்தது. எதைச் சொன்னாலும் நம்புவார். அவள் திரையைப் பார்த்தாள். அதில் அவளைப் பற்றி எழுதியிருந்த நாலு வரியும் உண்மை.

"நான்தான் சார். பெரிய எழுத்தான்னு மட்டும் கேட்டேன். இல்லேன்னா சின்னதுன்னு முடிவு பண்ணிட்டேன். அது என் தப்பு. நம்ம எழுத்துல பெரிசும் கிடையாது, சின்னதும் கிடையாது."

"அப்போ என் பேர் என்ன? எதுல சேர்த்தி?"

"எதுலயும் சேர்த்தி இல்ல சார். எல்லார் பேரும் நம்ம எழுத்துல எழுதினா அப்படித்தான்."

இயக்குநர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவருடைய முகம், கதவு மூடாத லிஃப்ட் மாதிரி, போவதா நிற்பதா என்று இருந்தது. நாலு ஐம்பது. தப்பு செய்தவளுக்கு நிரந்தரமா என்று அவர் வாய் திறந்து கேட்கவில்லை. கேட்கத்தான் போகிறார் என்று எல்லாருக்கும் தெரிந்தது.

சாவி அண்ணன் கண்ணாடியைத் துடைத்தார்.

"ஐயா, எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா இந்தம்மா இன்னையோட போயிட்டா, இதைச் சரிபண்ண வேற ஆள் யாரு? நாளைலேர்ந்து உங்க ஃபைல் பூரா எங்கிட்டதான் வரும். நானும் ஒவ்வொண்ணையும் படிப்பேன். தினமும் நீங்க மூணு மாடி இறங்கி வரணும். வந்தா ஸ்டூல் இருக்கு, அது பிரச்சினை இல்ல."

இயக்குநர் ஸ்டூலைப் பார்த்தார். பிறகு மிக வேகமாக, அந்த வயதில் அவ்வளவு வேகம் வரும் என்று யாரும் எதிர்பார்க்காதபடி, ஐந்தாவது வரியைத் தட்டினார்: 'கணினியில் உள்ள முக்கியமான பிழையை இவரால் மட்டுமே சரிசெய்ய இயலும் என்பதால்.'

பொத்தான் எரிந்தது. சாவி அண்ணன் ஐந்து வரியையும் விரல் வைத்துப் படித்தார். பிறகு கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அழுத்தினார். நாலு ஐம்பத்து நாலு. இரண்டு நிமிடம் எல்லாரும் திரையையே பார்த்தார்கள். பதினெட்டுச் சாவியும் குலுங்கவில்லை. தலைமையகத்திலிருந்து 'பெற்றுக்கொள்ளப்பட்டது, நியமனம் உறுதி' என்று வந்தது.

பெருக்குகிற அம்மா புதுக் கையுறையோடு கம்ப்யூட்டரம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவள் கைபேசியை எடுத்து நாத்தனாருக்கு 'ஆச்சு' என்று ஒற்றை வார்த்தை அனுப்பினாள்.

படியேறும்போது இயக்குநர் முதல் திருப்பத்திலேயே மூச்சு வாங்கி நின்றார். சுவரைத் தட்டிப் பார்க்கவில்லை.

"அந்தப் பிழையைச் சரிபண்ண எவ்வளவு நேரமாகும்மா?"

ஒரு வரி, ஐந்து நிமிடம். ஏழு வருடமாகக் கேட்ட கேள்விக்கெல்லாம் அவள் உடனுக்குடன் பதில் சொல்லியே பழகியவள், பெஞ்சிலிருந்துகூட. இப்போதும் வாயைத் திறந்தாள். ஆனால் வந்தது வேறு குரல், நிதானமான குரல். அவளுக்கே அது புதிதாக இருந்தது.

"ஆய்வு பண்ணணும் சார். ஒரு குழு போட்டீங்கன்னா நல்லது. அடுத்த மாசக் கடைசிக்குள்ள முதல் அறிக்கை கொடுத்துடறேன்."

பின்னால் வந்துகொண்டிருந்த விலாங்கு, பாட்டிலை வாங்கி ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, டிரைவரின் காதில் சொன்னார்:

"நிரந்தரமாயிடுச்சுடா."